இயல்பாக, பாட்டு பாட்டாகவே கேட்கிற சிடி பிளேயர்: எதைப் பார்த்து வாங்குவது?

மாலைநேரக் காது எழுதியது:

வணக்கம். வீட்டில் நிதானமாக உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு சிடி பிளேயர் தேடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

பல வருடம் உழைத்த என் பழைய பிளேயர், தட்டைப் போட்டால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு ‘தட்டு இல்லை’ என்று காட்ட ஆரம்பித்தது. அதனால் இப்போது விற்பனையில் இருக்கும் ஒன்றை வாங்கினேன். இதுதான் குறை என்று சட்டென்று விரல் வைத்துக் காட்ட முடியாது. எல்லாம் தெளிவாக இருக்கிறது. பழையதில் கவனிக்காத சின்னச் சின்ன சத்தங்கள்கூடக் கேட்கின்றன. ஆனால் ஒரு தட்டு முடிவதற்குள் காது களைத்துப்போகிறது. எழுந்துபோய் வால்யூமைக் குறைக்கிறேன், அப்புறம் பாட்டில் மனம் நிற்பதில்லை.

உதாரணத்துக்குத் தம்புரா. பழைய பிளேயரில் அனுசாரணி ஓய்ந்து மந்தரம் விழுகிற இடம் தனியாகத் தெரியாது. நாலு தந்தியும் சேர்ந்து ஒரே ஓட்டமாகப் பின்னால் போய்க்கொண்டிருக்கும், பாடுகிறவர் அதன்மேல் நிற்பார். இப்போது ஒவ்வொரு மீட்டும் தனித்தனியாக முன்னால் வந்து குத்துகிறது. மேற்கத்தியத் தந்தி இசைத் தட்டுகள் சில என்னிடம் உண்டு, எண்பதுகளின் ஆரம்பத்தில் வந்தவை. அவற்றில் வயலின் மேலே போனால் பல்லைக் கடிக்க வைக்கிறது. எல்லாத் தட்டும் இப்படி இல்லை என்பதுதான் எனக்குக் குழப்பம்.

என்னிடம் இருப்பது: டாக் (தட்டில் எண்களாக இருப்பதை ஒலி அலையாக மாற்றுகிற பகுதி) உள்ளேயே பொருத்திய ஒரு ஆம்ப், அலமாரியில் வைக்கிற அளவுள்ள இரண்டு ஸ்பீக்கர்கள். பழைய பிளேயர் சிவப்பு-வெள்ளை ஒயரில், அதாவது தன் டாக்கிலேயே ஒலியாக்கி அனுப்புகிற அனலாக் வழியில், ஆம்போடு இணைந்திருந்தது. புதியதை, எண்களை அப்படியே ஒளியாக அனுப்புகிற ஆப்டிகல் ஒயரில் கொடுத்திருக்கிறேன், அதுதான் சுத்தமான வழி என்று எங்கோ படித்தேன்.

விசாரித்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பிலிப்ஸின் 1541 டாக் சிப் உள்ள பழைய பிளேயரைத் தேடிப்பிடி என்கிறார் ஒருவர். ஓவர்சாம்பிளிங் (ஒலியாக்கும் முன் மாதிரிகளின் எண்ணிக்கையைப் பல மடங்காக்குவது) இல்லாத டாக் வாங்கு என்கிறார் இன்னொருவர். வால்வு வைத்த பிளேயர்தான் இசை என்கிறார் மூன்றாமவர். ஸ்ட்ரீமிங்குக்கு மாறும் எண்ணம் எனக்கு இல்லை. அலமாரி நிறையத் தட்டுகள் இருக்கின்றன, அவற்றைத்தான் கேட்க வேண்டும். எதில் ஆரம்பிப்பது?


சால்டரிங் மேசை எழுதியது:

பிளேயர்களைத் திறந்து பழுது பார்ப்பது என் வேலை. அதனால் 1541 பற்றி முதலில்.

அந்த சிப் 1985 வாக்கில் வந்தது, நல்ல சிப், சந்தேகமே வேண்டாம். அதற்கு முந்தைய பிலிப்ஸ் சிப் 14 பிட்தான். ஆனால் நாலு மடங்கு ஓவர்சாம்பிளிங்கையும், இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளுகிற நாய்ஸ் ஷேப்பிங்கையும் சேர்த்து 16 பிட்டுக்கு நெருக்கமான வேலையை அதில் வாங்கிவிட்டார்கள். சோனியின் முதல் பிளேயரான சிடிபி-101, 1982இல் வந்தது. அதில் இரண்டு சேனலுக்கும் ஒரே டாக், மாறி மாறி வேலை செய்யும். இடதுக்கும் வலதுக்கும் நடுவில் ஏறத்தாழ 11 மைக்ரோசெகண்டு இடைவெளி. அந்தக் காலத்தில் பிலிப்ஸ் வழி தனியாகத் தெரிந்ததற்கு இப்படிப் பல காரணங்கள்.

ஆனால் நீங்கள் வாங்கப்போவது வெறும் சிப் இல்லை, முழு இயந்திரம். தட்டைப் படிக்கிற பாகம்தான் அதன் உயிர். அந்தக் காலப் பிலிப்ஸ் பாகங்களில் லேசர் ஒரு கையின் நுனியில் உட்கார்ந்து வில்போல வளைந்து நகரும். பல் சக்கரம் கிடையாது, அமைதியாக ஓடும், நீடித்து உழைக்கும். அவற்றில் சிடிஎம்-1 என்பது இரும்புக்கட்டி மாதிரி வார்ப்பு உலோகத்தில் செய்தது. பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் போய்விட்டால் புதிதாகக் கிடைக்காது. இன்னொரு செத்த பிளேயரிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், டிரே பெல்ட் தளர்ந்திருக்கும். தேர்ந்தெடுத்த சிப் என்பதற்கு அடையாளமாகக் கிரீடம் போட்ட 1541ஏ என்று விற்கப்படுபவற்றில் போலிகளும் உண்டு, எழுத்தை அழித்து மறுபடி அச்சடித்தவை.

பழுது பார்க்க நம்பகமான ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் பழையதை வாங்குங்கள், மனசு நிறையும். இல்லையென்றால் வேண்டாம்.

அப்புறம் ஒரு கேள்வி. கீச்சென்று கேட்கிற அந்த எண்பதுகளின் தட்டுகளைப் புதிய பிளேயரிலிருந்து சிவப்பு-வெள்ளை ஒயர் வழியாகக் கேட்டுப் பார்த்தீர்களா? அதைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.


வயலின்காரி எழுதியது:

நான் வயலின் வாசிப்பவள். இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது, அதனால் நீளமாகவே எழுதப்போகிறேன்.

இயல்பான ஒலி என்றால் மென்மையான ஒலி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வயலின் என் இடது காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வில் தந்தியைப் பிடிக்கிற அந்தக் கணத்தில் ஒரு சுரசுரப்பு உண்டு. குங்கிலியம் தடவிய முடி தந்தியைப் பற்றி, இழுத்து, விடுகிற சத்தம் அது. வில்லைத் திருப்பும்போது அது மறுபடி வரும். கமகத்தில் விரல் தந்திமேல் வழுக்குகிற உரசலும் உண்டு. இதெல்லாம் சேர்ந்ததுதான் வயலின். இவற்றை வழித்தெடுத்துவிட்டு வழவழவென்று தருகிற பிளேயரை ‘இசைத்தன்மை உள்ளது’ என்று புகழ்வதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது வயலினைப் பாதி கொடுக்கிறது. சுரசுரப்பு இருக்க வேண்டும், ஆனால் அது மரத்தின் நாதத்தோடு ஒட்டி, அதே இடத்திலிருந்து வர வேண்டும். சுரசுரப்பு மட்டும் பிரிந்து மேலே தனியாக மிதந்தால்தான் கோளாறு. நீங்கள் தம்புராவைப் பற்றிச் சொன்னது இப்படிப் பிரிந்து மிதக்கிற வகை என்று தோன்றுகிறது.

மிருதங்கத்தையும் கவனித்துப் பாருங்கள். வலந்தலையில் விழுகிற சாப்பு எல்லா பிளேயரிலும் நன்றாகத்தான் கேட்கும். இடது முகமான தொப்பியில் விழுகிற கும்கியைக் கேளுங்கள். உள்ளங்கை அழுத்தித் தள்ளும்போது சுருதி கீழிருந்து மேலே வளைந்து வர வேண்டும். நல்ல கருவிகளில் அந்த வளைவு முழுதாகக் கேட்கும். இல்லாவிட்டால் ‘தொம்’ என்று ஒரு அடி மட்டும் கேட்கும். விற்கிறவர்கள் போட்டுக்காட்டுகிற தட்டுகளில் இதெல்லாம் இருக்காது. உங்கள் தட்டையே எடுத்துக்கொண்டு போங்கள், நூறு முறை கேட்டு மனப்பாடமான தட்டாக இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். பிளேயரைச் சந்தேகிப்பதற்கு முன் தட்டைச் சந்தேகியுங்கள். உங்கள் காதைக் களைக்க வைப்பதில் பெரும்பங்கு தட்டில் எப்படி ஏற்றினார்கள் என்பதில் இருக்கிறது. தொண்ணூறுகளிலிருந்து, முக்கியமாகப் பாப், ராக், சினிமா இசைத் தட்டுகளில், ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி எல்லாவற்றையும் உச்சத்துக்குத் தள்ளி ஏற்றுகிற பழக்கம் பரவியது. ரீமாஸ்டர் என்று மறுபடி வெளியிட்டவை பலவற்றுக்கும் இதே கதி. 16 பிட் என்பது ஏறத்தாழ 96 டெசிபல் இடம். மெல்லிய மூச்சையும் உச்சஸ்தாயி வீச்சையும் ஒரே தட்டில் வைக்கலாம். அவ்வளவு இடம் இருந்தும் மேலே இருக்கிற சில டெசிபலுக்குள்ளேயே பாட்டு முழுவதையும் திணிக்கிறார்கள். அப்படிப்பட்ட தட்டை எந்த பிளேயரில் போட்டாலும் காது சோரும்.

கணினியில் ஏற்றி, அலை வடிவத்தைத் திறந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். பழைய வெளியீட்டில் அலை மேலும் கீழும் போய்வரும். அமுக்கி ஏற்றியதில் மேலும் கீழும் தட்டையாக வெட்டிய சுவர் மாதிரி இருக்கும். ஒரே ஆல்பத்தின் இரண்டு வெளியீடுகள் கையில் கிடைத்தால் அவசியம் ஒப்பிட்டுப் பாருங்கள். புது பிளேயர் வாங்கினால் வருகிற மாற்றத்தைவிட இந்த மாற்றம் பல மடங்கு பெரியது. பழைய வெளியீடுகளைத் தேடிப்பிடிக்கிற வேலைக்கு நான் கொடுத்த நேரத்தில் பாதியைக்கூடக் கருவிகளுக்குக் கொடுத்ததில்லை. அதில் கிடைத்த சந்தோஷம் அப்படி.

அடுத்தது, இரண்டு பிளேயரை ஒப்பிடும்போது சத்தத்தின் அளவு. வழக்கமாக ஒரு சிடி பிளேயர் உச்சத்தில் 2 வோல்ட் கொடுக்கும். சில பிளேயர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் நமக்கு ‘சத்தம் அதிகம்’ என்று தோன்றாது. ‘உயிர் அதிகம், விவரம் அதிகம்’ என்றுதான் தோன்றும். காது அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் சோதனைத் தட்டில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்ட்டிமீட்டர் வைத்து, இரண்டு பிளேயருக்கும் ஏசி வோல்ட் ஒன்றாக வரும்படி வால்யூமை வையுங்கள். 1 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் குறைவு. அதற்கப்புறம் கேட்கிற வித்தியாசத்தை நம்பலாம். பல பிளேயர்களுக்கு நடுவில் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையாக வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் ஃபில்டரிலும் (தேவையில்லாத மிக உயர்ந்த அலைகளை வடிகட்டுகிற பகுதி) வெளியீட்டுப் பகுதியிலும் இருக்கும்.

நான் வைத்திருப்பது ரேகா அப்போலோ. மேல்மூடியைத் திறந்து கையாலேயே தட்டை அச்சில் அழுத்தி வைக்கிற வகை. டிரே இல்லை, அதனால் டிரே பெல்ட் போகிற கவலையும் இல்லை. அதில் எனக்குப் பிடித்தது, பாடுகிறவரும் வயலினும் ஒரே அறையில் இருப்பதுபோல ஒலிக்கிறது. குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் வயலின் அடங்கி நிற்பது தெரிகிறது. பக்கவாத்தியம் வாசிப்பவளுக்கு அந்த இடம் எவ்வளவு முக்கியம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்கும் அதுவே பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வாய்ப்பிருந்தால் வீட்டுக்கு எடுத்துவந்து, உங்கள் ஸ்பீக்கரில், ஒரு மாலை முழுக்கக் கேளுங்கள். அந்த மாலையில் எத்தனை தட்டை முழுதாகக் கேட்டீர்கள் என்பதே போதுமான அளவுகோல்.


மாலைநேரக் காது எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

சால்டரிங் மேசை, நீங்கள் சொன்னபடி சிவப்பு-வெள்ளை ஒயரைப் போட்டுக் கேட்டேன். நம்பவே முடியவில்லை. அந்தத் தந்தி இசைத் தட்டுகளில் இரண்டு அப்படியே மாறிவிட்டன. வயலினின் கீச்சு போயே போய்விட்டது, செல்லோவுக்கு உடம்பு வந்திருக்கிறது. அதே பிளேயர், அதே தட்டு. மற்றத் தட்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் இல்லை, ஆனால் தம்புரா கொஞ்சம் பின்னால் போனதுபோல இருக்கிறது. என்ன நடந்தது இங்கே?


சால்டரிங் மேசை எழுதியது:

நினைத்தது சரிதான். அதற்குப் பெயர் ப்ரீ-எம்ஃபசிஸ்.

ஆரம்பகாலத் தட்டுகள் சிலவற்றில் உச்ச ஒலிகளை, அதாவது டிரெபிளை, வேண்டுமென்றே தூக்கி ஏற்றினார்கள். மிக மேலே போனால் ஏறத்தாழ 10 டெசிபல் வரை தூக்கியிருக்கும். தட்டிலேயே அதற்கு ஒரு அடையாளக் குறி இருக்கும். பிளேயர் அந்தக் குறியைப் படித்து, தூக்கியதை அதே அளவு இறக்கிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் கூடவே இரைச்சலும் இறங்கும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. சிடி விதிமுறையிலேயே இது இருப்பதால் சிடி பிளேயருக்குள் இருக்கிற டாக் வழக்கமாக இதைச் சரியாகச் செய்துவிடும். ஆனால் ஆப்டிகல் வழியாக வெளியே அனுப்பும்போது இறக்குகிற வேலை அடுத்த முனையில் இருக்கிற டாக்கின் பொறுப்பு. இப்போதைய டாக்குகளில் பல அந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. உங்கள் ஆம்பில் இருப்பதும் அப்படித்தான் போல. தூக்கியது தூக்கியபடியே உங்கள் காதுக்கு வந்துகொண்டிருந்தது.

கணினியில் ஏற்றினாலும் இதே சிக்கல் வரும், கவனியுங்கள். அந்தத் தட்டுகளைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தம்புரா மாறியது வேறு விஷயம். அங்கே உங்கள் ஆம்பின் டாக்குக்கும் பிளேயரின் டாக்குக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறது. சத்த அளவும் மாறியிருக்கலாம், வயலின்காரி சொன்னபடி மீட்டர் வைத்துப் பாருங்கள்.


நள்ளிரவு வீணை எழுதியது:

ஓவர்சாம்பிளிங் இல்லாத டாக் பற்றி யாருமே பேசவில்லையே, அதனால் வந்தேன். என்னிடம் ஒன்று இருக்கிறது, மனதாரப் பிடித்து வைத்திருக்கிறேன். வீணையைக் கேட்கும்போது மீட்டின் முனை மழுங்காமல், ஆனால் குத்தாமலும் வருகிறது. மீட்டு அடங்கி நாதம் நீள்கிற பகுதி நிதானமாகக் கரைகிறது. களைப்பே இல்லை. அளவெடுத்தால் மோசம் என்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் நான் கேட்பது இசையை, அளவீட்டை இல்லை. மாலைநேரக் காது, ஒருமுறையாவது கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.


சால்டரிங் மேசை எழுதியது:

கேட்கட்டும், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். சிடியின் மாதிரி வேகமான 44.1 கிலோஹெர்ட்ஸில் ஓவர்சாம்பிளிங் இல்லாமல், வேறு ஈடுகட்டலும் இல்லாமல் ஒலியாக்கினால் டிரெபிள் தானாகவே சரியும். 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபல், 15இல் 1.7, 20இல் 3 டெசிபலுக்கு மேல். மேலே சற்றே இறங்கிய ஒலி அமைதியாகத் தோன்றுவது இயற்கை. அது பிடித்திருந்தால் தவறே இல்லை. ஆனால் ஆம்பில் டிரெபிள் குமிழ் இருந்தால், அதைக் கொஞ்சம் குறைத்து முதலில் கேட்டுப் பாருங்கள். தேடுவது அதுதானா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். வால்வும் அப்படித்தான். அது சேர்க்கிற இரண்டாம் ஹார்மோனிக் (ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு மடங்கு உயரத்தில் கூடுதலாக வருகிற ஒலி) சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் அது தட்டில் இருப்பது அல்ல.


வயலின்காரி எழுதியது:

நள்ளிரவு வீணை சொல்வதையும் நான் மதிக்கிறேன். வீணைக்கு அந்தச் சரிவு பொருந்தலாம். என் வாத்தியத்துக்குப் பொருந்தாது. வில்லின் சுரசுரப்பில் ஒரு பகுதி அந்த உயரத்தில்தான் இருக்கிறது. யார் எந்த வாத்தியத்தை அதிகம் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும், மாறத்தான் வேண்டும்.

இன்னொன்று. ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் சுவர் எவ்வளவு நெருக்கம், எதிரே வெறும் சுவரா, தரையில் விரிப்பு உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. தம்புரா குத்துவதற்கு வெறும் சுவரும் காரணமாக இருக்கலாம். ஸ்பீக்கரை நேராக உங்கள் காதைப் பார்க்கும்படி வைத்திருந்தால் கொஞ்சம் வெளியே திருப்பிக் கேளுங்கள்.


மாலைநேரக் காது எழுதியது:

ஸ்பீக்கர்கள் என் காதை நேராகப் பார்த்துத்தான் இருந்தன, எதிரே வெறும் சுவர். கொஞ்சம் திருப்பியிருக்கிறேன், தம்புரா இன்னும் ஒரு படி பின்னால் போயிருக்கிறது.

இப்போதைக்கு இந்த பிளேயரையே சிவப்பு-வெள்ளை ஒயரில் வைத்துக் கேட்கப்போகிறேன். மல்ட்டிமீட்டர் இரவல் கேட்டிருக்கிறேன். இனிமேலும் மாற்றத் தோன்றினால் பார்ப்பதற்கு இரண்டு வைத்திருக்கிறேன்: வயலின்காரி சொன்ன ரேகா, அப்புறம் மராண்ட்ஸ் சிடி6007. மராண்ட்ஸில் இரண்டு ஃபில்டர் இருக்கிறது, மாற்றி மாற்றிக் கேட்கலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. டாக் இல்லாத கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்சி மாதிரி தட்டு படிக்கிற பெட்டியை மட்டும் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன், அந்த இரண்டு தட்டுகளுக்காகவே.

சால்டரிங் மேசைக்கு ஒரு கடைசிக் கேள்வி. பழைய தட்டுகள் சிலவற்றில் கீறல் உண்டு. எப்படித் துடைப்பது?


சால்டரிங் மேசை எழுதியது:

மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள். தட்டின் பிழைதிருத்தம் தடத்தில் தொடர்ச்சியாக ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை விடுபட்டாலும் ஈடுகட்டிவிடும். குறுக்குக் கீறல் ஒவ்வொரு தடத்தையும் கொஞ்சமாகத்தான் வெட்டும், அதனால் சமாளித்துவிடும். தடத்தின் வழியே நீளமாகப் போகிற கீறல்தான் ஆபத்து, வட்டமாகத் துடைத்தால் அதை நாமே உண்டாக்குவோம்.

அந்தப் பழைய பிளேயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘தட்டு இல்லை’ என்று காட்டினால் பல நேரம் லென்ஸில் தூசி படிந்திருக்கும், அவ்வளவுதான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியில் ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் லென்ஸை ஒருமுறை துடைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் படிக்கவில்லை என்றால் உள்ளே எந்த லேசர் பாகம் என்று பார்த்து எழுதுங்கள். சோனி கேஎஸ்எஸ்-213 வகையாக இருந்தால் மாற்று இன்னும் கிடைக்கிறது.